ஃபைபர் பாடி பேனலை ஒட்ட எந்தப் பசை?

கடையில் போய் "ஃபைபர் ஒட்டப் பசை" என்று கேட்டால், கைக்கு வருவது அநேகமாகச் சாதாரண அரால்டைட்டாக இருக்கும். இல்லாவிட்டால் ரெசின் என்ற பிசின் திரவமும் அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்டும். இரண்டுக்கும் அதனதன் வேலை உண்டு. ஆனால் ஃபெண்டர், பானட், பஸ்ஸின் முன் ஷோ (முகப்பு) போன்ற பெரிய பேனலை ஒட்டும்போது மூன்று விஷயங்களைப் பார்த்த பிறகுதான் பசையின் பெயருக்கே வர வேண்டும்: பேனல் எந்த வகை ஃபைபர், அது எதன்மேல் உட்காரப்போகிறது, வெயிலில் அந்த இடம் எவ்வளவு சூடேறும். "இருப்பதிலேயே வலுவான பசை எது?" என்று தேடுவது வழிதவறிப்போகும் தேடல். பசை பேனலைவிடக் கடினமாக இருந்தால் ஒட்டு விடாது, பேனல்தான் கிழியும்.

முதலில் பேனலை அடையாளம் காணுங்கள்

கையால் போட்ட ஃபைபர் என்றால் ஒரு பக்கம் ஜெல்கோட் என்ற வழவழப்பான வெளிப்பூச்சு பளபளக்கும், மறுபக்கம் கண்ணாடி நார் சொரசொரவென்று தெரியும். பாடி கிட், ஸ்பாய்லர், கரூரில் கட்டும் பஸ்களின் முன்பின் ஷோ, பழைய சிபானி டால்ஃபின், சான் ஸ்டார்ம் எல்லாம் ஃபைபர் பாடிதான். நம்மூர்ப் பட்டறைகளில் கையால் போடுவது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசினும், வெட்டிய கண்ணாடி நாரைப் பாய்போல் சேர்த்த சாப்டு ஸ்ட்ராண்ட் மேட்டும்.

இன்னொரு வகை எஸ்எம்சி. ரெசின், நார், நிரப்பி மூன்றையும் பிசைந்து தகடாக்கி, சூடான அச்சில் அழுத்தி எடுப்பது. இரண்டு பக்கமும் வழவழப்பாக, தடிமன் எங்கும் ஒரே சீராக இருக்கும். அமெரிக்காவின் கார்வெட் 1953-ல் ஃபைபர் பாடியோடு வந்து, 1970-களில் எஸ்எம்சிக்கு மாறியது. லாரி கேபின்களிலும் இதே வகைப் பேனல்கள் உண்டு. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், எஸ்எம்சி அச்சை விட்டு எளிதாகக் கழன்று வர ஸ்டியரேட் என்ற வழுக்குப்பொருளை மாவிலேயே கலந்திருப்பார்கள். அது மேற்பரப்பில் மட்டுமல்ல, பேனலின் உடம்பு முழுக்க இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் புதிதாக வெளிப்படும் பரப்பிலும் இருக்கும். அதனால் சாதாரண பாலியஸ்டர் ரெசின் எஸ்எம்சியில் நிலையாகப் பிடிக்காது. முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஓரத்தில் வெடிப்பு ஓடும். எஸ்எம்சிக்கு எபாக்சி (அரால்டைட் இந்த இனம்தான்), அல்லது எஸ்எம்சிக்கு ஏற்றது என்று உறையில் போட்டிருக்கும் பேனல் பசை, இவை தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள்.

மூன்றாவதாக, ஃபைபரே அல்லாத ஃபைபர். இப்போதைய கார் பம்பர்களைப் பேச்சுவழக்கில் ஃபைபர் என்கிறோம். அவை பெரும்பாலும் பாலிபுரப்பிலீன். பின்புறம் பிளாஸ்டிக்கின் பெயர் அச்சாகியிருக்கும். அழிந்துபோயிருந்தால் பிளேடால் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பாலிபுரப்பிலீன் மிதக்கும், கண்ணாடி ஃபைபர் மூழ்கும். நெருப்பில் காட்டினால் பிளாஸ்டிக் உருகிச் சொட்டும்; ஃபைபரில் ரெசின் கரியாகி, எரியாத வெள்ளை நார் மிஞ்சும். பாலிபுரப்பிலீன் என்று தெரிந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள பசைகளை அதில் வீணாக்க வேண்டாம். அதற்குத் தனி பிரைமரும் தனிப் பசையும் இருக்கின்றன.

பேனல் எபாக்சி ரெசினில் போட்டதா, பாலியஸ்டரில் போட்டதா என்று தெரியாத நிலையும் வரும். அப்போது ஒரு விதி போதும்: எபாக்சி, இறுகி ஆறிய பாலியஸ்டர் மேலும் பிடிக்கும், எபாக்சி மேலும் பிடிக்கும். பாலியஸ்டர் எபாக்சியின் மேல் சரியாக இறுகாது. எபாக்சியின் ஹார்டனர் மிச்சம் அதன் இறுக்கத்தைக் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் எபாக்சி.

நான்கு குடும்பங்கள்

முதலாவது பாலியஸ்டர் ரெசின், அல்லது அதில் நிரப்பி சேர்த்த பாண்டிங் பேஸ்ட். விலை குறைவு, எல்லா ஃபைபர் கடையிலும் கிடைக்கும், அரை மணியில் இறுகும். கையால் போட்ட பேனலின் உள்பக்கத்தில் மேட் போட்டு விலா எலும்பு போன்ற ஒரு தாங்குபட்டையைச் சேர்ப்பதற்கு இது போதும். அங்கே பரப்பு அகலம், இழுவிசை குறைவு. ஆனால் ஏற்கெனவே ஆறிய பேனல்மேல் புதிய பாலியஸ்டர் போடும்போது வேதிப் பிணைப்பு மிகக் குறைவு. நாரின் மேடுபள்ளத்தில் பிடித்துத் தொங்குவதுதான் மிச்சம். போதாக்குறைக்கு இறுகும்போது சுருங்கும், இறுகியபின் நொறுங்கும் தன்மை கொண்டது. குறுகிய ஓரத்தில் இதை நம்பக் கூடாது.

இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. பல கடைகளில் ரெசின், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர், எம்இகேபி கேட்டலிஸ்ட் மூன்றும் தனித்தனி பாட்டிலில் வரும். கோபால்ட்டும் எம்இகேபியும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே அளவுக்குப்பியையோ ஒரே குச்சியையோ எடுக்காதீர்கள். கேட்டலிஸ்ட் அளவு ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி.; மே மாத வெயிலில் 10 போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று அள்ளி ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும்.

இரண்டாவது எபாக்சி. இதற்குள்ளேயே இரண்டு தரம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டறைகளில் பழகிய அரால்டைட் ஏடபிள்யூ 106-உம் எச்வி 953 ஹார்டனரும் பொதுப்பயன் எபாக்சி. எடையில் 100-க்கு 80, கொள்ளளவில் சமம்சமம். தராசில் சமமாக நிறுத்துக் கலந்தால் ஹார்டனர் கூடிப்போய்ப் பசை ரப்பர்போல் மெத்தென்று நின்றுவிடும். கையில் எடுத்து ஒன்றரை மணி நேரம் வரை வேலை செய்யலாம், பிடிப்பும் நல்லது. இதன் பலவீனம் வெப்பம். அறை வெப்பத்தில் இறுகியது 60 டிகிரியைத் தாண்டினால் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். நிழலில் இருக்கும் உட்பக்கப் பிராக்கெட்டுக்குச் சரி, கறுப்பு பானட்டுக்குச் சரியில்லை.

இன்னொரு தரம், வண்டிப் பேனலுக்கென்றே செய்த கெட்டிப்படுத்திய எபாக்சி. ரப்பர்த் துகள் கலந்திருப்பதால் அதிர்வில் வெடிக்காது. பெயின்ட் ஓவன் சூட்டையும் தாங்கும்படி தயாரித்திருப்பார்கள். இரட்டைக் குழல் கார்ட்ரிட்ஜில் வரும். த்ரீஎம் 8115, லார்ட் ஃபியூசர் வரிசை போன்றவை இந்த இனம். வேலை நேரம் தாராளம், சுருக்கம் மிகக் குறைவு, உலோகத்திலும் எஸ்எம்சியிலும் கையால் போட்ட ஃபைபரிலும் பிடிக்கும். ஃபைபரோடு ஃபைபரை நிரந்தரமாக இணைப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். ஒரு ராத்திரி கிளாம்பில் விட்டுவைக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது மெத்தாக்ரிலேட், சுருக்கமாக எம்எம்ஏ. படகு கட்டுகிறவர்களும் பஸ் கட்டுகிறவர்களும் விரும்பும் பசை. பிளெக்சஸ் எம்ஏ 300 என்றால் 4 முதல் 6 நிமிடம், எம்ஏ 310 என்றால் 15 முதல் 18 நிமிடம் வேலை நேரம். அரை மணி அளவில் கிளாம்பை எடுக்கலாம். பாலியஸ்டரின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைத்து உள்ளே போய்ப் பிடிப்பதால் ஃபைபரில் இதன் பிடி அபாரம். பரப்பைத் தயார் செய்வதில் சிறு குறை இருந்தாலும் மன்னிக்கும். அதற்கு ஈடாக மூன்று தொல்லைகள்: வாடை மண்டையைப் பிளக்கும், எளிதில் தீப்பிடிக்கும், தடிமனாக வைத்தால் இறுகும்போது கொதிக்கிற சூடு வரும். மெல்லிய வெளிப்பேனலில் அந்தச் சூடும் சுருக்கமும் வெளியே கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம். நம்மூர் வெயிலில் உறையில் போட்ட நேரம் பாதியாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 5 நிமிடம் என்றிருந்தால் மதிய வெயிலில் ஒரு மீட்டர் நீளம்கூட இழுத்து முடிக்க முடியாது.

நான்காவது பாலியூரித்தேன். சிக்காஃப்ளெக்ஸ் 252 மாதிரி ஒற்றைக் குழலில் வருவது, காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகும். ரப்பர்போல் வளையும். வலுவைக் கிலோவில் அளந்தால் எபாக்சியின் பக்கத்தில்கூட வராது; ஆனால் எஃகுச் சட்டத்தின்மேல் பெரிய ஃபைபர் பேனலை உட்கார வைக்க இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஏன் என்பது அடுத்த பகுதியில். ஒரு நாளில் சுமார் 3 முதல் 4 மி.மீ. ஆழம்தான் இறுகும் என்பதால் வண்டியை அன்றே ரோட்டில் விடக் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர் இதைக் கெடுக்கும். வெளியே தெரியும் ஓரத்தை பிரைமராலோ பெயின்டாலோ மூட வேண்டும்.

இவை தவிர உள்ள சிலிக்கோன், சூப்பர் குளூ, செருப்பு ஒட்டும் ரப்பர் சொல்யூஷன், பள்ளம் நிரப்பும் பட்டி ஆகியவற்றைப் பேனல் ஒட்டப் பயன்படுத்தாதீர்கள். இவற்றில் சிலிக்கோன்தான் மோசம். பிடிக்காதது மட்டுமல்ல, அது பட்ட இடத்தில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது, பெயின்ட் அடித்தாலும் மீன்கண் போன்ற குழிகள் விழும்.

எஃகு ஒரு பக்கம், ஃபைபர் ஒரு பக்கம்

சூடேறினால் எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும். கையால் போட்ட ஃபைபர் 25 முதல் 30 மைக்ரான் நீளும். ஒன்றரை மீட்டர் நீள ஷோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை 25 டிகிரி, வெயில் ஏறியதும் 70 டிகிரி என்றால் வேறுபாடு 45. ஃபைபருக்கும் எஃகுக்கும் இடையே டிகிரிக்கு 16 மைக்ரான் என்று கணக்குப் போட்டால் மொத்தம் 1 மி.மீ.க்குச் சற்று மேல். நடுவிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு முனையிலும் அரை மி.மீ. இது தினமும் ஒரு முறை நடக்கும்.

கால் மி.மீ. தடிமன் எபாக்சி, தன் தடிமனைப்போல் இரண்டு மடங்கு பக்கவாட்டில் நகர வேண்டும். நகராது. முனையிலிருந்து உரிய ஆரம்பிக்கும், அல்லது பேனல் நடுவில் உப்பி நெளியும். 3 மி.மீ. தடிமன் பாலியூரித்தேனுக்கு அதே அரை மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. எனவே நடைமுறையில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: ஃபைபரோடு ஃபைபர் என்றால் கெட்டிப்படுத்திய எபாக்சி அல்லது எம்எம்ஏ. எஃகின்மேல் அரை மீட்டருக்கு உட்பட்ட சிறு துண்டு என்றால் எம்எம்ஏ, 1 மி.மீ.க்குக் குறையாத தடிமனில். எஃகின்மேல் பெரிய பேனல் என்றால் பாலியூரித்தேன், 3 மி.மீ. தடிமனில். பின்னாளில் கழற்ற வேண்டிய பேனலுக்கும் பாலியூரித்தேன்தான். கண்ணாடி அறுக்கும் கம்பியால் அறுத்து எடுத்துவிடலாம். எபாக்சி போட்டதை ஹீட் கன்னும் உளியும் கொண்டு பிரிக்கும்போது பேனலின் ஓரம் சேர்ந்தே போகும்.

எஃகுப் பக்கத்தில் பழைய பெயின்ட், துரு எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. பசை பெயின்டைத்தான் பிடிக்கும். பெயின்ட் எஃகை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் ஒட்டின் வலு. பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, பசைத் தயாரிப்பாளர் சொல்லும் பிரைமரை மட்டும் போடுங்கள். அமிலம் கலந்த எட்ச் பிரைமர்மேல் எபாக்சி ஒட்டினால் சில நேரம் இறுகாமலே போகும். (கார்பன் ஃபைபர் பேனலை அலுமினியத்தின்மேல் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இரண்டும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். இடையே பசைப் படலம் முழுசாக இருக்க வேண்டும். கண்ணாடி ஃபைபருக்கு அந்தக் கவலை இல்லை.)

வெளியே தெரியும் கோடு

பேனல்களைச் சேர்க்க உள்ளே பட்டை ஒட்டிய இடம், பெயின்ட் அடித்த சில வாரங்களில் வெளியே நிழல்போல் தெரியத் தொடங்கும். பழைய கார்வெட்டுகளில் பேனல் சேரும் இடங்களில் இந்தக் கோடுகள் பிரசித்தம். பசை இறுகும்போது சுருங்குவதும், வெயிலில் பசையும் பேனலும் வெவ்வேறு அளவில் நீளுவதும்தான் காரணம். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு நிறங்களில் சூடு அதிகம், பளபளப்பும் அதிகம் என்பதால் கோடு அப்பட்டமாகத் தெரியும். வெள்ளையில் அநேகமாகத் தெரியாது.

குறைக்க வழி உண்டு. வெளிப்பேனல் குறைந்தது 3 மி.மீ. இருக்கட்டும். பின்பட்டையின் ஓரங்களைச் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேய்த்து விடுங்கள். பிதுங்கி வந்த பசையைக் கட்டியாக விடாதீர்கள். சுருக்கம் குறைந்த எபாக்சியை எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டி முடித்ததும் அவசரப்பட்டு ஃபினிஷ் செய்யாதீர்கள். பேனலைச் சில நாள் வெயிலில் வையுங்கள், அல்லது 60 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வையுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். அதன் பிறகு பட்டி, கட்டை வைத்துத் தேய்ப்பு, பிரைமர்.

பரப்பைத் தயார் செய்வது

ஒட்டு விட்டுப்போன பேனல்களை எடுத்துப் பார்த்தால் பத்தில் எட்டாவது பசையின் குற்றமாக இருக்காது என்று பழகியவர்கள் சொல்வார்கள், பரப்பின் குற்றம். வரிசை மாறக் கூடாது.

முதலில் துடைப்பு, பிறகுதான் தேய்ப்பு. அச்சு மெழுகோ, ரெசினிலேயே கலந்து மேலே மிதந்த மெழுகோ பரப்பில் இருக்கும்போது கிரைண்டரை வைத்தால், அந்தச் சூட்டில் மெழுகு உருகிப் புதிய கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எடுக்கவே முடியாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, அசிட்டோனோ ஐசோபுரொபைல் ஆல்கஹாலோ நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். இரண்டு துணி முறை நல்லது: ஒன்றில் ஈரம், மற்றதில் அந்த ஈரம் காய்வதற்குள் ஒற்றி எடுப்பது. காய விட்டால் அழுக்கு அங்கேயே படியும். பெயின்ட் கடை என்சி தின்னரை இதற்கு எடுக்காதீர்கள். அதில் எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சும். வண்ணத் துணி, வேஸ்ட் காட்டன் வேண்டாம்.

அடுத்து, ஒட்டும் அகலம் முழுவதும் ஜெல்கோட்டை நீக்குங்கள். ஜெல்கோட்மேல் ஒட்டினால், ஜெல்கோட் உள் நாரை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அதுதான் உங்கள் ஒட்டின் வலு. கையால் போட்ட ஃபைபருக்கு 36 அல்லது 40 நம்பர் உப்புத்தாளில் ஜெல்கோட்டை எடுத்து 80-ல் முடியுங்கள். எஸ்எம்சிக்கு 80 போதும். பளபளப்பு எங்கும் மிஞ்சாமல் ஒரே மங்கலாகத் தெரிய வேண்டும். அதே சமயம் நார் பஞ்சுபோல் கிளம்பும் அளவுக்குத் தோண்டவும் கூடாது. உட்பக்கத்தின் சொரசொரப்பை அப்படியே விட்டால் பசை மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளத்தில் காற்று நிற்கும். மேடுகளைத் தட்டையாக்குங்கள்.

தூசியை வேக்குவம் வைத்து எடுங்கள், மறுபடி ஒரு முறை துடையுங்கள். கம்ப்ரசர் காற்றடிப்பது வழக்கம்தான். ஆனால் அதில் எண்ணெயும் தண்ணீரும் வரும். பிறகு சோதனை: பரப்பில் சுத்தமான தண்ணீர் தெளித்தால் முழுசாகப் படர வேண்டும். முத்துமுத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது, திரும்பத் துடைப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

சோதித்த தண்ணீர் முழுக்க உலர வேண்டும். பழைய ஃபைபர் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். மழைக்காலத்திலும், வெட்டிய ஓரங்களிலும் இது அதிகம். ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ தூரத்தில் பிடித்துக் கை பொறுக்கும் சூட்டில் அரை மணி காயவிடுங்கள். தேய்த்த பரப்பை அன்றே ஒட்டிவிட வேண்டும். விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை அந்த இடத்தில் மட்டும் விடுங்கள்.

ஃபைபர் தூசிக்கு என்95 முகமூடி போதும். ஆனால் பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன், எம்எம்ஏ ஆகியவற்றின் வாடைக்கு அது ஒன்றும் செய்யாது. கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். எபாக்சி கையில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஒவ்வாமையாக மாறும், பிறகு அந்த வேலையே செய்ய முடியாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். எம்இகேபி ஒரு துளி கண்ணில் விழுந்தால் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

சேரும் இடத்தின் வடிவம், பசையின் அளவு

பசை பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிப்பதைத் தாங்காது. விளிம்போடு விளிம்பாக ஒட்டுவது ஒட்டே அல்ல. ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரம் என்றால் 25 மி.மீ. அகலம் வையுங்கள். இரண்டு பேனல் ஒரே மட்டத்தில் சேர வேண்டும் என்றால் பின்னால் 100 மி.மீ. அகலப் பட்டை, இரு பக்கமும் 50 மி.மீ. ஏறும்படி. பட்டை அதே ஃபைபரில், 2.5 முதல் 3 மி.மீ. தடிமனில் இருக்கட்டும், இரும்புப் பட்டை வைத்தால் மேலே சொன்ன நீட்சிக் கணக்கு திரும்ப வரும். பேனல்களை ஒன்றையொன்று முட்ட வைக்காமல் 2 மி.மீ. இடைவெளி விட்டு, முன்பக்க விளிம்புகளைத் தலா 25 மி.மீ. தூரத்துக்குச் சரித்து, அந்தப் பள்ளத்தை எபாக்சியும் மேட்டும் வைத்து நிரப்புங்கள். எபாக்சிக்கு ஏற்ற மேட்டா அல்லது நெய்த கண்ணாடித் துணியா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண சாப்டு மேட்டின் பிணைப்புப் பொடி ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் விறைப்பாகவே நிற்கும். வெறும் பட்டியால் பள்ளத்தை மூடினால் முதல் குழியில் வண்டி இறங்கும்போதே கோடு விழும்.

பசைப் படலத்தின் தடிமன் எபாக்சிக்கு கால் முதல் முக்கால் மி.மீ., எம்எம்ஏவுக்கு முக்கால் முதல் 3 மி.மீ., பாலியூரித்தேனுக்கு 3 மி.மீ. பேனல் பசைகள் சிலவற்றில் இதற்கென்றே கண்ணாடி மணி கலந்திருக்கும். இல்லாதவற்றில் அதே தடிமன் கம்பித் துண்டுகளை இடையிடையே வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வாங்குவது? நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்குங்கள். 25 மி.மீ. அகலம், முக்கால் மி.மீ. தடிமன் என்றால் மீட்டருக்குச் சுமார் 19 மி.லி.; நாசிலில் நிற்பதும் பிதுங்குவதும் சேர்த்து 25 என்று வையுங்கள். 200 மி.லி. கார்ட்ரிட்ஜ் 8 மீட்டர் போகும். 100 மி.மீ. பட்டைக்கு அதே கார்ட்ரிட்ஜ் 2 மீட்டர்தான். பாலியூரித்தேனை முக்கோண வடிவில், அடி 8 மி.மீ., உயரம் 12 மி.மீ. இழுத்தால் மீட்டருக்கு 48 மி.லி.; 300 மி.லி. குழல் 6 மீட்டர்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். எம்எம்ஏவின் ஆயுள் குறைவு. தகரக் கூரைக் கடையில் கோடை முழுக்கக் கிடந்தது தேதிக்கு முன்பே கெட்டிருக்கும்.

ஒட்டும் நேரம்

பசை இல்லாமல் ஒரு முறை முழுசாகப் பொருத்திப் பாருங்கள், கிளாம்ப் எல்லாம் போட்டு. பிறகு பிரித்து, ஒட்டக் கூடாத ஓரங்களில் டேப் ஒட்டுங்கள்.

இரட்டைக் குழல் என்றால் நாசில் மாட்டும் முன் கொஞ்சம் அழுத்தி இரண்டு குழலிலும் சமமாக வருகிறதா என்று பாருங்கள். நாசில் மாட்டியபின் முதலில் வரும் ஒரு நாசில் நீளப் பசையைக் காகிதத்தில் விட்டுவிடுங்கள்; அது சரியாகக் கலந்திருக்காது. அந்தக் காகிதத்தைத் தூக்கி எறியாதீர்கள்: பக்கத்திலேயே வைத்திருந்தால் பேனலுக்குள் பசை எந்த நிலையில் இருக்கிறது என்று அதைத் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். கையால் கலக்கும் எபாக்சியை மூன்று நிமிடம், கப்பின் அடியையும் ஓரத்தையும் சுரண்டிக் கலக்குங்கள். கலந்ததை ஆழமான கப்பில் விடாமல் தட்டையான பலகையில் பரப்பினால் சீக்கிரம் சூடேறாது. மிஞ்சியதைக் குப்பைத்தொட்டியில் கட்டியாகப் போட்டால் புகையும்.

எபாக்சி, எம்எம்ஏ இரண்டிலும் முதலில் இரு பரப்பிலும் பட்டித் தகட்டால் மெல்லிய பூச்சு தேய்த்துவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் தொடர்ச்சியான வரி இழுங்கள். வட்டமாகவோ வலைபோலவோ இழுத்தால் நடுவில் காற்று சிக்கும். பேனலை வைத்தபின் தூக்கிப் பார்க்கக் கூடாது. சரிசெய்ய வேண்டுமென்றால் வழுக்கி நகர்த்துங்கள். கிளாம்பை விரல் இறுக்கத்துக்கு மேல் இறுக்காதீர்கள். பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிட்டால் உள்ளே வறண்ட ஒட்டுதான் மிஞ்சும். கிளாம்ப் எட்டாத இடத்தில் 3 மி.மீ. துளை போட்டு, மெழுகு தடவிய ஸ்குரூவால் பிடித்து, இறுகியபின் கழற்றித் துளையை அடைக்கலாம். கழல மறுத்தால் சால்டரிங் அயர்ன் முனையை ஸ்குரூ தலையில் வையுங்கள்.

பிதுங்கியதை ஈரமாக இருக்கும்போது அசிட்டோனால் துடைத்தால் கரைந்த பசை ஓரத்துக்குள் ஊறும். தோல் பதத்துக்கு வந்ததும் தகட்டால் சீவி எடுங்கள். ஈரப்பதம் மிகுந்த நாளில் எபாக்சியின் மேல் எண்ணெய்போல் ஒரு படலம் வரும்; அதன்மேல் பட்டி, பெயின்ட் எதுவும் நிற்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்காட்ச் பிரைட் வைத்துக் கழுவினால் போய்விடும், அதற்குப் பிறகுதான் உப்புத்தாள்.

முன்கூட்டிச் சோதனை, பிறகு பிரேதப் பரிசோதனை

அதே பேனலின் வெட்டுத் துண்டுகள் இரண்டை, அதே துடைப்பு, அதே தேய்ப்பு செய்து, 25 மி.மீ. அகலத்தில் 12 மி.மீ. ஏறும்படி ஒட்டுங்கள். முழுசாக இறுகியபின் வைஸில் பிடித்து உடையுங்கள். பசையோடு கண்ணாடி நார் கிழிந்து வந்தால் பேனல்தான் தோற்றது, ஒட்டு சரி. பசை கண்ணாடித் தகடுபோல் வழவழவென்று உரிந்து வந்தால் மெழுகோ தூசியோ மிச்சம். பசையின் முதுகில் ஜெல்கோட் ஒட்டி வந்தால் தேய்த்தது போதவில்லை. பசையே நடுவில் பிளந்து, சில இடங்களில் பிசுபிசுத்தால் கலப்பு தவறு. எம்எம்ஏவில் மறுபக்கத் தடம் பதியாமல் பசை மேலே பளபளத்தால், பேனலை வைப்பதற்குள் தோல் கட்டிவிட்டது. நீண்ட நேரம் தரும் ரகத்தை வாங்குங்கள், அல்லது விடிகாலையில் ஒட்டுங்கள்.

வண்டியில் விட்டுப்போன பழைய ஒட்டையும் இதே கண்ணால் பாருங்கள். பழைய பசைமேல் புதிய பசை வைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். பாலியூரித்தேன் மட்டும் விதிவிலக்கு. அதை 1 மி.மீ. அளவுக்குச் சீவிவிட்டு, அந்தப் புதிய வெட்டின்மேலேயே அதே ரகத்தைப் போடலாம். மற்றவற்றை அடிவரை தேய்த்து எடுத்துவிட்டுத் துடைப்பிலிருந்து தொடங்குங்கள்.